கேம் அனிமே தொடராகும்போது விளையாடியவரின் வேலையை யார் செய்வது? (பெர்சோனா, ஸ்டைன்ஸ்;கேட், கிளானட், நியர் ஸ்பாய்லர் உண்டு)

மூடுபனி

பெர்சோனா 4 தொடரை மறுபடியும் பார்த்து முடித்துவிட்டு, அதே கையோடு பெர்சோனா 5 தொடரையும் பார்த்தேன். மூல கேம்கள் இரண்டுமே அட்லஸ் நிறுவனத்தினுடையவை. இயக்கியவர் கட்சுரா ஹஷினோ, பாத்திரங்களை வரைந்தவர் ஷிகெனோரி சொயெஜிமா, இசை ஷோஜி மெகுரோ. அச்சும் ஒன்றுதான்: ஊருக்குப் புதிதாக வரும் பள்ளி மாணவன், கிட்டத்தட்ட ஒரு வருட நாட்காட்டி, பகலில் பள்ளிக்கூடமும் சிநேகிதமும், பிறகு வேறொரு உலகத்தில் சண்டை. இரண்டிலும் கதாநாயகன் தானாக வாய் திறப்பதில்லை. அவனுக்குப் பெயர் வைப்பது நாம், பதில் சொல்வதும் நாம்.

2011 அக்டோபரில் தொடங்கிய பெர்சோனா 4 தொடர் இத்தனை வருடம் கழித்தும் எனக்கு அலுக்கவில்லை. 2018-இல் வந்த பெர்சோனா 5 தொடரைத் தள்ளிக்கொண்டுதான் முடித்தேன். கேம் என்று பார்த்தால் ஐந்தாவதை அவ்வளவு ரசித்தவள் நான். ஷிபுயா நெரிசல், காபிக்கடையின் மாடி அறை, மெனுவைத் திறந்தாலே துள்ளிக்கொண்டு வரும் அந்தச் சிவப்பும் கறுப்பும், எல்லாமே பிடிக்கும். அப்புறம் தொடர் மட்டும் ஏன் இப்படி ஆனது?

எனக்குத் தோன்றும் காரணத்தைச் சொல்கிறேன். ஒவ்வொரு கேமிலும் திரையில் தெரியாத ஒரு ஆள் இருக்கிறார்: விளையாடுகிறவர். இன்று மாலை யாரோடு போவது, மழை பெய்தால் உட்கார்ந்து படிப்பதா, யாரை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது, எல்லாமே அவர் முடிவு. தொடராக்கும்போது முதலில் வெளியேறுவது அவர்தான். அவர் பார்த்துவந்த வேலையைக் கதைக்குள் யாரிடமாவது ஒப்படைத்தால் தொடர் தேறுகிறது. அந்த இடத்தைக் காலியாக விட்டால் நிகழ்ச்சிகள் வரிசையாக நடக்கும், நமக்கு ஒட்டாது.

நான்காவது தொடரின் இயக்குநர் செய்ஜி கிஷி நருகாமி யூ என்று ஒரு முழு மனிதனையே உண்டாக்கினார். நாம் கேமில் குறும்புக்காகத் தேர்ந்தெடுக்கும் பதில்களை அவன் முகத்தில் சலனமே இல்லாமல் சொல்கிறான். எபிசோடின் நடுவில் நாட்காட்டி வந்து, துணிவு, அறிவு என்று அவனுடைய குணங்கள் எந்த அளவுக்கு ஏறியிருக்கின்றன என்று காட்டிவிட்டுப் போகும். கோடை விடுமுறைக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எபிசோடு முழுக்கச் சின்னப் பெண் நானாகோவின் பார்வை: அண்ணன் ஏன் இப்படி விசித்திரமாக நடந்துகொள்கிறான் என்று பின்னாலேயே போய் வேவு பார்க்கிறாள். அடுத்த எபிசோடில் அதே நாட்கள் அவன் பக்கத்திலிருந்து வருகின்றன. பார்த்தால் ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் ஏதாவது செய்துகொடுக்க ஓடிக்கொண்டிருந்திருக்கிறான். கேமில் நாம் ஒரு நாளுக்குள் எல்லோரையும் சந்திக்கத் திண்டாடுவோமே, அந்தத் திண்டாட்டத்தை அவன் தலையில் ஏற்றிவிட்டார்கள்.

இதற்கும் மேலே 12-ஆவது எபிசோடு. மிட்சுவோ என்பவனின் நிழல் (மனசின் இருண்ட பக்கம் அரக்க வடிவில் வருவது) யூவை விழுங்கிவிடுகிறது. உள்ளே அவன் காண்பது, நண்பர்கள் ஒவ்வொருவராக வேறு வேலை, வேறு துணை என்று விலகிப் போவதை. கேமில் இப்படி ஒரு காட்சி கிடையாது. கேமில் அந்தப் பயம் விளையாடுகிறவருடையது, கதை முடியும் மார்ச் மாதம் நெருங்க நெருங்க நமக்குள் வருவது. தொடரில் அதை அவனிடம் கொடுத்திருக்கிறார்கள்.

ஐந்தாவதில் ரென் அமமியா என்று பெயர் கொடுத்தார்கள், கேமில் நடந்ததையெல்லாம் நடத்திக் காட்டினார்கள். ஆனால் அவனுக்கு என்ன வேண்டும் என்று தொடர் முடிந்த பிறகும் எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கு எப்படி இருந்தது?

கடைசி_பஸ்

அக்கா, நீங்கள் சொல்வது பாதி சரி. மீதிப் பாதி வெறும் நேரக் கணக்கு. பெர்சோனா 5 கேமை நிதானமாக விளையாடினால் 100 மணி நேரம் சாதாரணமாக ஆகும். தொடர் 26 எபிசோடு. ஓப்பனிங், எண்டிங் பாட்டையெல்லாம் சேர்த்தாலும் பத்தரை மணி நேரம். அதில் ஏழு அரண்மனைகள் (சிலருடைய மனசுக்குள் இருக்கும் சண்டைக் களங்கள்), இருபதுக்கும் மேற்பட்ட நம்பிக்கையாளர் (கதாநாயகன் நட்பு வளர்க்கும் ஆட்கள்) கதைகள். யார் இயக்கினாலும் மூச்சு முட்டும். கடைசியில் தொடருக்குள் முடிக்கவே முடியாமல் 2018 டிசம்பரிலும் 2019 மார்ச்சிலும் சிறப்பு எபிசோடு போட்டுத்தான் கதையை முடித்தார்கள்.

இயக்குநர் மசாஷி இஷிஹாமா திறமைசாலி. அவர் செய்த ஓப்பனிங் காட்சிகளைப் பார்த்திருக்கிறேன், நிறத்தையும் எழுத்தையும் கையாளுவதில் கெட்டிக்காரர். அவரிடம் இன்னொரு 26 எபிசோடு கொடுத்திருந்தால் வேறு தொடர் கிடைத்திருக்கும்.

மூடுபனி

நேரம் குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான்காவது கேம் மட்டும் சின்னதா? அதற்கும் ஏறக்குறைய இதே அளவு எபிசோடுதான் கிடைத்தது. அங்கே கிஷி வெட்டவேண்டியதைத் தயங்காமல் வெட்டினார், இரண்டு மூன்று பேர் கதையை ஒரே எபிசோடில் கோர்த்தார். இன்னொன்று, 2014-இல் பெர்சோனா 4 கோல்டன் தொடர் வந்தபோது 12 எபிசோடுதான். அதில் யூ ஆரம்பத்திலேயே எல்லாக் குணங்களும் உச்சத்தில் இருக்கிற மாதிரி வருகிறான். கேமை ஒருமுறை முடித்துவிட்டு மறுபடி தொடங்குவோமே, அப்படி. பழைய தொடரைப் பார்த்தவர்களும் இரண்டாம் முறை விளையாட உட்கார்ந்தவர்கள்தான் என்று எடுத்துக்கொண்டார்கள். குறைந்த நேரத்துக்குள்ளும் விளையாடுகிறவரை மறக்காமல் இருந்தார்கள், அதைத்தான் சொல்ல வருகிறேன்.

மைக்ரோவேவ்_வாழைப்பழம்

ஸ்டைன்ஸ்;கேட் பேசாமல் இந்த இழை நகரக்கூடாது.

கேம் 2009 அக்டோபரில் எக்ஸ்பாக்ஸ் 360-இல் வந்தது, தொடர் 2011 ஏப்ரலில், ஒயிட் ஃபாக்ஸ் ஸ்டூடியோ. விஷுவல் நாவல் (படங்களோடு வாசித்துப் போகும் கதை கேம்) என்றால் வழக்கமாக, “அவளோடு போவதா, வீட்டுக்குப் போவதா” என்று நடுவில் நிறுத்திக் கேட்கும். இதில் அந்தக் கேள்வியே கிடையாது. கையில் ஒரு செல்போன் மட்டும். மெயில் வந்தால் பதில் போடலாம், போடாமல் விடலாம், மெயிலில் அடிக்கோடிட்ட சொற்களில் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். நாம் ஏதோ முடிவு எடுத்திருக்கிறோம் என்பதே பல நேரம் நமக்குத் தெரியாது. கதையே, போனில் அனுப்பும் ஒரு சின்னச் செய்தி கடந்த காலத்தை மாற்றிவிடுவதைப் பற்றியதுதானே.

(ஸ்பாய்லர்) தோழி மயூரி சாகத் தொடங்கியதும் கதாநாயகன் ஒகாபே என்ன செய்கிறான்? நினைவைப் பின்னால் அனுப்பி மறுபடி முயல்கிறான், மறுபடியும் தோற்கிறான், மறுபடியும் போகிறான். நாம் கேமில் தோற்றதும் பழைய சேவ் ஃபைலை லோடு செய்வோமே, அதையே கதாநாயகன் கதைக்குள் இருந்துகொண்டு செய்கிறான். அக்கா தேடுகிற ஆள் இங்கே ஏற்கெனவே கதைக்குள் இருக்கிறான். அதனால்தான் தொடராக மாற்றியபோது ஒன்றும் சிந்தவில்லை.

கிளைக் கதைகளும் அப்படித்தான். அனுப்பிய செய்திகளை ஒவ்வொன்றாக ரத்து செய்துகொண்டே வரும்போது கேமில் ஒவ்வொரு இடத்திலும் நின்றுவிடலாம். ஃபேரிஸின் அப்பா உயிரோடு இருக்கட்டும் என்று நின்றால் அது ஒரு எண்டிங், லூகாவுக்காக நின்றால் இன்னொன்று. தொடரில் ஒகாபே நிற்பதே இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் அவர்களிடமிருந்து அவன் எதைப் பறிக்கிறான் என்று நின்று காட்டுகிறார்கள். கிளைகள் போய்விட்டன, அவற்றின் வலி போகவில்லை. திரைக்கதை எழுதிய ஜுக்கி ஹனாடாவுக்கு இதற்காகவே ஒரு வணக்கம்.

புதுசா_வந்தவன்

வணக்கம் எல்லோருக்கும். நான் ஸ்டைன்ஸ்;கேட் தொடரில் ஐந்தாறு எபிசோடோடு நிறுத்திவிட்டேன், ஒன்றுமே நடக்கவில்லை. தொடர்ந்து பார்க்கலாமா? இன்னொரு கேள்வி: தொடர் பார்த்தால் கேம் விளையாடவேண்டிய அவசியம் உண்டா?

மைக்ரோவேவ்_வாழைப்பழம்

கண்டிப்பாகப் பாருங்கள் தம்பி. 12-ஆவது எபிசோடு முடியும் வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த மெதுவான பாதி வீண் இல்லை. ஆகிஹபாராவில், பழைய டிவி கடைக்கு மேல் மாடியில், வேலைவெட்டி இல்லாமல் அரட்டை அடிக்கும் நான்கு பேரை உங்களுக்குப் பிடித்துப்போனால்தான் பின்பாதி வலிக்கும். தொடரை முடித்தபிறகும் கேமுக்கு இடம் இருக்கிறது. ஒகாபேயின் தலைக்குள் ஓடுவது முழுக்கக் கேமில்தான் கிடைக்கும்.

செர்ரிப்பூ_மேட்டுப்பாதை

விளையாடுகிறவரின் வேலையை ஒப்படைக்க முடியாமல் போன கதை ஒன்று சொல்லட்டுமா? கிளானட். எனக்கு உயிர். ஆனாலும் சொல்கிறேன்.

கேம் 2004-இல் கீ நிறுவனத்திடமிருந்து வந்தது. பள்ளிப் பருவத்தில் பல பெண்கள், நண்பர்கள், ஆசிரியர்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு ரூட், அதாவது தனிக் கதைப்பாதை. ஒருவருடைய துயரத்தைத் தீர்த்துவைத்தால் ஒரு ஒளி கிடைக்கும். ஒரே வாழ்க்கையில் எல்லோரையும் காப்பாற்ற முடியாது. நீங்கள் திரும்பத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு தடவையும் வேறொருவர் பக்கம் நின்று, அந்த ஒளிகளைச் சேர்க்கவேண்டும். (ஸ்பாய்லர்) கடைசியில் கதாநாயகன் டொமோயாவின் மனைவி நாகிஸாவும் மகள் உஷியோவும் போன பிறகு நடக்கிற அற்புதம், அந்த ஒளிகளின் பலன். எத்தனையோ இரவுகளாக நீங்கள் சேர்த்துவைத்தது உங்கள் கைக்கே திரும்பி வருகிறது.

கியோட்டோ அனிமேஷன் 2007-இலும் 2008-இலும் இரண்டு தொடராக எடுத்தார்கள், இயக்கம் தட்சுயா இஷிஹாரா. பூக்கள் நிறைந்த வெளியில் டொமோயா தன் மகளைக் கட்டிக்கொண்டு அழும் காட்சியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. ஆனால் முடிவு? தொடரிலும் ஒளிகள் வருகின்றன. சேர்த்தது யார்? டொமோயா ஒரே வாழ்க்கைதான் வாழ்ந்திருக்கிறான். அதனால் தொடரை மட்டும் பார்த்தவர்கள் “இதென்ன, செத்தவர்களைச் சும்மா எழுப்பிவிட்டார்களே” என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம். கேமில் அது கூலி, தொடரில் அது வரம்.

கடைசி_பஸ்

நான் கேமைத் தொட்டதே இல்லை. தொடர் மட்டும்தான். அந்த முடிவு எனக்கு எங்கேயும் இடிக்கவில்லை. நாற்பத்துச் சொச்சம் எபிசோடு அந்தக் குடும்பத்தோடு இருந்தபிறகு, அவர்களுக்கு நல்லது நடக்கட்டும் என்றுதான் மனசு கேட்டது. பார்க்கிறவரும் ஒரு வேலை செய்கிறார், காத்திருக்கிறார். அதற்கும் கூலி உண்டு.

செர்ரிப்பூ_மேட்டுப்பாதை

அழகாகச் சொன்னீர்கள் அண்ணா. ஆனாலும் கேமை ஒருமுறை விளையாடிப் பாருங்கள். முதல் ஒளி கிடைக்கும்போது அது எதற்கென்றே தெரியாது. கடைசியில் தெரியும்போது உடம்பு சிலிர்க்கும். அது தொடரால் தரமுடியாத ஒன்று.

பாட்042

நியர்: ஆட்டோமாட்டாவைப் பற்றி. 2017-இல் வந்த கேம், பிளாட்டினம்கேம்ஸ் செய்தது, இயக்கம் யோகோ டாரோ. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக 26 எண்டிங்.

முதல் சுற்றில் நீங்கள் 2பி என்ற ஆண்ட்ராய்டு. முடிந்தது என்று நினைக்கும்போது அதே கதை அவளுடைய கூட்டாளி 9எஸ் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கும். அதே பாலைவனம், அதே பொழுதுபோக்குப் பூங்கா. ஆனால் இப்போது எந்திரங்களுக்குள் ஊடுருவி அவற்றின் நினைவைப் பார்க்கமுடிகிறது, அதனால் போன சுற்றில் யோசிக்காமல் வெட்டித் தள்ளிய எதிரிகள் யார் என்று தெரியவருகிறது. டிவியில் இதைச் செய்யமுடியுமா? 12 வாரம் பார்த்ததையே இன்னொரு 12 வாரம் யாரும் பார்க்கமாட்டார்கள்.

2023 ஜனவரியில் ஏ-1 பிக்சர்ஸ் தொடரை ஆரம்பித்தபோது பெயரிலேயே “வெர்1.1ஏ” என்று சேர்த்திருந்தார்கள். கேமின் நகல் இல்லை, கொஞ்சம் திருத்திய இன்னொரு பதிப்பு என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிற பெயர். இயக்குநர் ரியோஜி மசுயாமா, கூடவே யோகோ டாரோவும். கேமில் எதிர்ப்பு முகாமின் தலைவி அனிமோனி. தொடரில் அந்த இடத்தில் லில்லி இருக்கிறாள். மேடை நாடகமாக ஏற்கெனவே வந்திருந்த முன்கதையை உள்ளே கொண்டுவந்து, அங்கே யார் பிழைத்தார்கள் என்பதையே மாற்றிவிட்டார்கள். கேமைக் கரைத்துக் குடித்தவர்களுக்கும் அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாது. மறுசுற்றில் கிடைக்கும் அந்த “இது எனக்குத் தெரிந்த இடம், ஆனால் வேறு மாதிரி இருக்கிறதே” என்ற உணர்வை இப்படிப் பிடித்தார்கள்.

ஒவ்வொரு எபிசோடு முடிந்ததும் வரும் பொம்மலாட்டத்தைத் தவறவிடாதீர்கள். கேமில் ஏதாவது கிறுக்குத்தனமாகச் செய்தால் உடனே கதை முடிந்து, எண்டிங் என்று எழுத்து ஓடும். மீனைச் சாப்பிட்டுச் செத்துப்போகிற எண்டிங்கூட உண்டு. அந்தச் சில்லறை எண்டிங்குகளையெல்லாம் பொம்மைகளை வைத்து நடித்துக் காட்டினார்கள். விளையாடுகிறவர் “இதைச் செய்தால் என்ன ஆகும்” என்று நோண்டிப் பார்க்கிற குணத்துக்கு இதைவிட நல்ல மரியாதை எந்தத் தொடரும் செய்ததாகத் தெரியவில்லை.

கோவிட்டால் முதல் பருவமே நடுவில் நின்று நின்று 2023 ஜூலையில்தான் முடிந்தது. இரண்டாம் பகுதி 2024-இல் வந்தது. முழுக்கப் பாருங்கள்.

மூடுபனி

அந்தப் பொம்மலாட்டத்தை நான் வெறும் சிரிப்புக்கு என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சொல்லும் கோணம் அருமை.

ஆனால் ஐந்தாவது எண்டிங்? அதை எந்தத் தொடர் எப்படிச் செய்யும்? விளையாடாதவர்களுக்காகச் சொல்கிறேன் (பெரிய ஸ்பாய்லர்): கதை முடிந்து பெயர்கள் ஓடும்போது, அந்தப் பெயர்களே உங்களைச் சுடத் தொடங்கும். தனியாக ஜெயிப்பது ஏறக்குறைய முடியாத காரியம். தோற்றுத் தோற்று விழும்போது உலகத்தின் மூலைமுடுக்கிலிருந்து முன்பு விளையாடியவர்கள் எழுதிய ஊக்க வார்த்தைகள் திரையில் வரும். உதவி வேண்டுமா என்று கேட்கும். சரி என்றால் அவர்கள் உங்களைச் சுற்றி நின்று குண்டை வாங்கிக்கொள்வார்கள். ஒவ்வொரு அடிக்கும் யாரோ ஒருவருடைய தகவல் அழிந்தது என்று ஒரு வரி வரும். முடிந்ததும் உங்களிடம் கேட்கும்: முகம் தெரியாத ஒருவருக்கு உதவ உங்கள் சேவ் ஃபைல் முழுவதையும் அழிக்கச் சம்மதமா? சம்மதித்தால் உண்மையிலேயே அழியும். ஆயுதம், திறமை, எல்லாம் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து காலியாகும். நான் அழித்தேன். அந்த முடிவை யாராலும் எனக்காக எடுத்திருக்கமுடியாது.

பாட்042

அதை ஒப்படைக்க ஆள் இல்லை, உண்மைதான். சில கேம்களுக்கு ஒரு அறை மட்டும் பூட்டியே இருக்கும், தொடர் வெளியே நின்றுகொள்ளவேண்டியதுதான்.

கடைசி_பஸ்

அக்கா, உங்கள் வாதத்துக்கு ஒரு சோதனை. அதே செய்ஜி கிஷிதான் 2013-இல் டங்கன்ரோன்பா தொடரையும் (பள்ளிக்குள் அடைபட்ட மாணவர்களிடையே நடக்கும் கொலைகளை விசாரிக்கும் கேம்) இயக்கினார். லெர்ச்சே ஸ்டூடியோ, 13 எபிசோடு. விசாரணைக் காட்சியில் கேமில் வருகிற அதே வாக்கியங்கள் பறந்து வரும், அதே துப்பாக்கிக் குண்டு பாய்ந்து பொய்யை உடைக்கும், நிறம்கூட அப்படியே. விளையாடுகிறவருக்கு இவ்வளவு மரியாதை செய்தும் அந்தத் தொடர் ஏன் ஓட்டமாய் ஓடிக் களைத்தது?

மூடுபனி

நல்ல சோதனை. டங்கன்ரோன்பாவில் விளையாடுகிறவரின் வேலை சுடுவது இல்லை, சந்தேகப்படுவது. பிணம் கிடைத்ததும் ஒவ்வொரு அறையாகப் போய்த் தடயம் பொறுக்கி, விசாரணை தொடங்கும் முன்பே மனசுக்குள் ஒருவரைக் குற்றவாளியாக்கி, அப்புறம் அது தப்பு என்று தெரிந்து விழிக்கவேண்டும். முதல் கொலையில் குளியலறைச் சுவரில் எழுதியிருக்கும் எண்ணை எவ்வளவு நேரம் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தோம்! தொடரில் கொலை, தடயம், விசாரணை, தண்டனை எல்லாம் ஒன்றரை இரண்டு எபிசோடுக்குள். கதாநாயகன் நாயெகி யோசிக்கிறான், நாம் யோசிக்க இடமில்லை. திரையில் தெரிந்த அடையாளங்களைக் கொண்டுவந்தார்கள், வேலையைக் கொண்டுவரவில்லை.

2016-இல் வந்த டங்கன்ரோன்பா 3 எனக்கு இதைவிடப் பிடித்தது. அது எந்த கேமையும் நடித்துக் காட்டவில்லை. கேம்களில் வந்த ஆட்களின் மிச்சக் கதையை நேரடியாகத் தொடராகவே எழுதினார்கள். எதிர்காலக் கதை ஒரு நாள், கடந்த காலக் கதை இன்னொரு நாள் என்று ஒரே வாரத்தில் இரண்டும் மாறி மாறி ஒளிபரப்பானது.

கடைசி_பஸ்

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். சண்டையே வேண்டாம், புதுக் கதை எழுதிவிடுங்கள். 2022 செப்டம்பரில் வந்த சைபர்பங்க் எட்ஜ்ரன்னர்ஸைப் பாருங்கள். கேமின் கதாநாயகன் வி அங்கே இல்லவே இல்லை. டிரிக்கர் ஸ்டூடியோவும் ஹிரோயுகி இமாயிஷியும் நைட் சிட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு, டேவிட், லூசி என்று தங்கள் ஆட்களை அதில் விட்டார்கள். 10 எபிசோடு. 2020 டிசம்பரில் கோளாறுகளோடு வெளியாகித் திட்டு வாங்கிய கேமுக்குள் மக்கள் திரும்பப் போனதற்கு அந்தத் தொடர் பெரிய காரணம். டேவிட்டின் மஞ்சள் ஜாக்கெட்டைக்கூட கேமுக்குள் சேர்த்தார்கள்.

இதையே ஜப்பானில் 2002-இலேயே செய்திருக்கிறார்கள். டாட் ஹாக் வரிசையில் நான்கு கேம்கள், ஒவ்வொரு கேம் பெட்டிக்குள்ளும் ஒரு அனிமே டிவிடி. கேமில் நீங்கள் ஆன்லைன் உலகத்துக்குள் சுற்றுவீர்கள், டிவிடியில் அதே நேரத்தில் வெளியே நிஜ உலகத்தில் நடப்பது ஓடும். டிவியில் தனியாக டாட் ஹாக் சைன் என்று முன்கதை, யுகி கஜியுராவின் இசையோடு. எனக்கு இந்த ஏற்பாடு இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது.

வெர்டெக்ஸ்_வாசி

எல்லோரும் கேமிலிருந்து தொடருக்குப் போகும் வழியையே பேசுகிறீர்கள். நான் 3டி அனிமேஷனில் வேலை பார்ப்பவன், எதிர்த்திசையைக் கொஞ்சம் சொல்கிறேன்.

2014-இல் ஆர்க் சிஸ்டம் வொர்க்ஸ் கில்டி கியர் எக்ஸ்ஆர்டி கொண்டுவந்தபோது, அது கையால் வரைந்த படமா 3டியா என்று எங்கள் துறையில் இருப்பவர்களே குழம்பினார்கள். முழுக்க 3டிதான். 2015 ஜிடிசி மாநாட்டில் (கேம் உருவாக்குபவர்களின் மாநாடு) ஜுன்யா மோட்டோமுரா எப்படிச் செய்தார்கள் என்று திறந்து காட்டினார். வழக்கமாக 3டியில் இரண்டு நிலைகளை வைத்தால் நடுவில் உள்ள அசைவைக் கணினியே நிரப்பிவிடும். அதை நிறுத்திவிட்டார்கள். ஒரு நிலையில் சில ஃபிரேம் அப்படியே நிற்கும், சட்டென்று அடுத்த நிலை. டிவி அனிமே இப்படித்தான் அசையும். முகத்தில் விழும் நிழலுக்கு வெளிச்சத்தை மட்டும் நம்பவில்லை. பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைக் கையால் திருத்தி, ஓவியர் வைக்கும் இடத்தில் நிழல் விழும்படி செய்தார்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனி விளக்கு. குத்து கேமராவை நோக்கி வந்தால் முஷ்டியைப் பெரிதாக்குவார்கள், நிஜத்தில் அப்படி இருக்காது, வரைபவர் அப்படித்தான் வரைவார்.

இதே கைத்திறனோடு 2018-இல் டிராகன் பால் ஃபைட்டர்ஸி வந்தது. சில ஜோடிகளைச் சரியான மேடையில் மோதவிட்டு, முடிக்கும் அடியையும் சரியாக அடித்தால், நமேக் கிரகத்தில் கோக்குவும் ஃப்ரீஸாவும் நிற்கும் அந்தப் பழைய காட்சி அப்படியே விரியும். இங்கே தொடர் பார்த்த ரசிகனை விளையாடுகிறவனாக மாற்றுகிறார்கள். மூடுபனி அக்கா கேட்டதைத் திருப்பிப் போட்டால் இதுதான் பதில்: அவன் இத்தனை வருடம் பார்த்துக்கொண்டிருந்த அடியை அவன் கையாலேயே அடிக்கவிடுவது.

குளம்படி

அதே எதிர்த்திசையில் உமா முசுமே. நிஜப் பந்தயக் குதிரைகளைப் பெண்களாக்கிய கதை என்றதும் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். கொஞ்சம் கேளுங்கள்.

கேமை சைகேம்ஸ் முதலில் அறிவித்தது 2016-இல், வெளியானது 2021 பிப்ரவரியில். நடுவில் 2018-இலேயே தொடர் வந்துவிட்டது. சைலன்ஸ் சுசுகா என்ற நிஜக் குதிரை 1998 நவம்பர் 1 அன்று டென்னோ ஷோ பந்தயத்தில் எல்லோரையும் விட வெகுதூரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தபோது கால் எலும்பு முறிந்தது. அதைக் கருணைக்கொலை செய்யவேண்டி வந்தது. ஜப்பானியக் குதிரைப் பந்தய ரசிகர்களுக்கு ஆறாத காயம். தொடரில் சுசுகா அதே பந்தயத்தில் விழப்போகிறாள், ஆனால் பிழைக்கிறாள், மறுபடி நடக்கப் பழகி ஓடவும் வருகிறாள். கேமிலோ நீங்கள் பயிற்சியாளர். சுசுகாவை அதே டென்னோ ஷோவுக்குக் கூட்டிப்போய், நான்காவது வளைவைத் தாண்டவைத்து, ஜெயிக்கவும் வைக்கலாம். நிஜம் முடித்துவைத்ததைத் தொடர் ஒருமுறை திருத்துகிறது, கேம் அந்தத் திருத்தத்தை ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கிறது.

இரண்டாம் பருவம் டோக்காய் டெய்யோவுடையது. 364 நாள் இடைவெளிக்குப் பிறகு 1993 அரிமா கினென் பந்தயத்தில் அந்தக் குதிரை ஜெயித்தது நிஜ வரலாறு. அதில் எதையும் மிகைப்படுத்தத் தேவைப்படவில்லை. கேமே தேவையில்லை, அந்தப் பருவத்தை மட்டுமாவது பாருங்கள்.

புதுசா_வந்தவன்

12-ஆவது எபிசோடு முடித்துவிட்டேன். இப்போது நிறுத்தமுடியவில்லை. நன்றி அண்ணா. அடுத்து ஃபேட் பார்க்கலாம் என்று இருக்கிறேன். எதிலிருந்து தொடங்குவது? ஆளாளுக்கு ஒரு வரிசை சொல்கிறார்கள்.

செர்ரிப்பூ_மேட்டுப்பாதை

குழப்பத்துக்குக் காரணமே இந்த இழையில் பேசுவதுதான் தம்பி. 2004-இல் வந்த ஃபேட்/ஸ்டே நைட் கேமில் மூன்று ரூட். ஒன்றை முடித்தால்தான் அடுத்தது திறக்கும், வரிசையை மாற்ற முடியாது. முதலாவதில் கதாநாயகன் ஷிரோவின் லட்சியத்தைப் பார்க்கிறோம், இரண்டாவதில் அந்த லட்சியம் அவனையே எதிர்த்து நிற்கிறது, மூன்றாவதில் ஒரு பெண்ணுக்காக அதைக் கைவிடுகிறான். தொடர்களாக வந்தபோது முதல் ரூட்டை 2006-இல் ஸ்டூடியோ டீன் எடுத்தது. யூஃபோடேபிள் 2014-இல் இரண்டாவதை எடுத்து, 2017 முதல் 2020 வரை மூன்றாவதை மூன்று படங்களாக்கியது. கேம் போட்ட பூட்டு தொடர்களுக்கு இல்லாததால் வரிசை சிதறிவிட்டது.

முன்கதையான ஃபேட்/ஸீரோவிலிருந்து தொடங்காதீர்கள். மூன்றாவது ரூட்டின் ரகசியங்கள் அதில் முன்னாலேயே அவிழ்ந்துவிடும். மூல கேம் 2024 ஆகஸ்டில் புதுப்பிக்கப்பட்டு ஸ்டீமிலும் ஸ்விட்ச்சிலும் ஆங்கிலத்தோடு வந்துவிட்டது. நேரம் இருந்தால் அதுவே முதல். இல்லையென்றால் 2006 தொடர், பிறகு அன்லிமிட்டட் பிளேட் வொர்க்ஸ், பிறகு ஹெவன்ஸ் ஃபீல் படங்கள், கடைசியில் ஸீரோ.

மைக்ரோவேவ்_வாழைப்பழம்

தம்பி, ஃபேட்டுக்குத் தாவும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றவர்களும், குறிப்பாக மூடுபனி அக்கா. (23-ஆவது எபிசோடு ஸ்பாய்லர், தம்பி முடித்துவிட்டுப் படிக்கவும்.)

2015 டிசம்பரில், ஸ்டைன்ஸ்;கேட் ஸீரோ கேம் வெளியான அதே சமயத்தில், ஜப்பானில் பழைய தொடரை மறு ஒளிபரப்பு செய்தார்கள். எல்லோரும் மனப்பாடமாகத் தெரிந்த தொடர் என்று பார்த்துக்கொண்டிருக்க, 23-ஆவது எபிசோடு மட்டும் மாறி வந்தது. 2011-இல், நொறுங்கிப்போன ஒகாபேயின் கன்னத்தில் மயூரி அறைந்து அவனை எழுப்புவாள், எதிர்காலத்திலிருந்து செய்தி வரும், அவன் மறுபடி கிளம்புவான். 2015-இல் அந்த அறை விழவில்லை. அவனும் எழவில்லை. தோழி குரிசுவைக் காப்பாற்றாமலே கதை வேறு பக்கம் திரும்பி, ஸீரோவின் தொடக்கத்தில் போய் நின்றது.

முன்னறிவிப்பே இல்லாமல் பார்த்தவர்களை நினைத்துப் பாருங்கள். வீட்டில் டிவி முன் உட்கார்ந்திருந்தவர்களுக்கு, அவர்கள் எதுவும் தேர்ந்தெடுக்காமலே, வேறு ரூட் வந்துவிட்டது.

மூடுபனி

இது எனக்குப் புதுச் செய்தி. கேமில் தப்பான ரூட்டில் போனால் நாம் என்ன தவறவிட்டோம் என்று தேடிப் பின்னால் போவோம். அந்த எபிசோடைப் பார்த்தவர்களும் அதைத்தானே செய்திருப்பார்கள்: பழைய 23-ஐப் போட்டு, எந்த இடத்தில் பிரிந்தது என்று பக்கத்தில் வைத்துப் பார்த்திருப்பார்கள். இன்று இரவு இரண்டையும் அப்படியே பார்க்கப்போகிறேன். அந்த அறை விழும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், மயூரியின் முகத்திலோ பேச்சிலோ ஏதாவது வித்தியாசம் உண்டா? கவனித்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.